ஆம் அல்லது இல்லை

ஜூன் 3, செவ்வாய்

இன்று மாமல்லபுரத்தில் நல்ல வெயில். தொப்பிக் கடைக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மதியம் விசா ஆபீஸிலிருந்து போன். ஹனியாவின் மேல்படிப்புக்குத் தகப்பன் நான்தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறோமே, அதை விசாரிக்க. பேசியது மனுஷி இல்லை, கம்ப்யூட்டர், அதுவே சொல்லிக்கொண்டது. சுத்தமான தமிழ். நான் இருமியதும், பொறுமையாகச் சொல்லுங்கள் என்றது. வீட்டுக்காரி ஜெய்புன்னிசா மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு என்னிடம் யாரும் இவ்வளவு தன்மையாகப் பேசியதில்லை.

கடைசியாகக் கேட்டது: "படிப்பு முடிந்ததும் உங்கள் மகள் நாடு திரும்புவாரா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

மறுபடி கேட்டது. மறுபடியும் அதையே சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டது.

ஜூன் 7

பக்ரீத். ஹனியா கறி ஆக்கினாள். அடுத்த வருஷம் யார் ஆக்குவது? நானா?

ஜூன் 19

விசா இல்லையாம். மகள் திரும்பி வருவாள் என்று தகப்பன் உறுதி சொல்லவில்லையாம்.

வெகுநேரம் கழித்து அறையிலிருந்து வெளியே வந்தாள். "ஆமான்னு ஒரு வார்த்த. அதச் சொல்றதுக்கு இன்னா அத்தா உனக்கு?"

நாளைக்குக் கடை திறப்பேன் என்பதற்கே, அல்லாஹ் நாடினால் என்று, இன்ஷா அல்லாஹ் சேர்க்கிறவன் நான். நாளைக்கு இன்னான்னு நமக்குத் தெரியுமா? அவ வரணும்னுதானே சொன்னேன். அது மெஷினுக்கு எங்க புரியப் போவுது —

இனி வீட்டிலேயே இருப்பாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது. சே.

ஜூன் 21

மறுபடி விண்ணப்பித்துவிட்டாள். பக்கத்து செல்போன் கடை ஜாவித் சிரிக்கிறான். "அண்ணாத்த, அது மார்க்கம் பாக்கல, மார்க்கு போட்டுகினு கீது."

ஜூலை 8

அதே குரல். அதே கேள்வி.

"ஆம்" என்றேன்.

போன் கட்டான பிறகும் காதிலேயே வைத்துக்கொண்டு இன்ஷா அல்லாஹ் சொன்னேன்.

ஆகஸ்ட் 20

விசா கிடைத்துவிட்டது. ஹனியாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது? சோறு மிஞ்சிவிட்டது.

நவம்பர் 12

மழை. தொப்பி யார் வாங்குவார்கள்? தெரியாத நம்பரிலிருந்து போன். அந்தக் குரலோ என்று ஓடிப் போய் எடுத்தேன். வீட்டுமனை விற்கிறவர்கள்.

மார்ச் 21, நோன்புப் பெருநாள்

வீடியோவில் ஹனியா. முகம் தெளிந்திருக்கிறது. படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். குளிருக்கு வாங்கிய கோட்டைப் போட்டு எழுந்து நின்று காட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறது.

"படிப்பு முடிஞ்சா வந்துடுவ இல்ல?" என்று கேட்டேன்.

கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்ஷா அல்லாஹ், அத்தா."

நான் மறுபடி கேட்கவில்லை.