ஸ்டெல்லா போன தேதி

9 மார்ச் 1982, செவ்வாய்

என் மனைவி ஸ்டெல்லா மாலை நான்கு மணிக்கு இறந்துவிட்டாள் என்று வார்டு டாக்டர் உறுதி செய்தார். இன்று எங்கள் மகள் ரீட்டாவின் பிறந்தநாள்.

பத்திரிகையில் 'வரலாற்றில் இன்று' பகுதியை நான்தான் எழுதுகிறேன். ஒரே தேதியின் கீழ் பிறப்பையும் இறப்பையும் அடுத்தடுத்து எழுதிப் பழகிய கை. அழுகை வரவில்லை.

உடன் வேலை செய்யும் முருகேசன் எங்கள் தல்லாகுளம் வீட்டுக்கு வந்திருந்தான்.

"தெவசம் திதிக்குத்தானண்ணே வரும்? அடுத்த வருசம் தேதி மாறிப்போயிரும். பாப்பா பிறந்தநாளு பாப்பாவுக்கே இருக்கும்."

"நீங்க திதி பாப்பீக மாப்ள. எங்களுக்குத் தேதிதான். வருசா வருசம் இதே நாள்லதான் பூசை வைப்போம்."

"அட, நீங்க மாதா கோயில்காரவுகங்கிறதை மறந்து பேசிட்டேனேண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வெளியூரில் இருக்கும் ரீட்டாவிடம் போனில், அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று மட்டும் சொன்னேன். "வாரேன்ப்பா" என்றாள். உடனே போனை வைக்கவில்லை. நான் வாழ்த்துச் சொல்லவில்லை.

வருடப் பூசையைப் பிறந்தநாளுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்க வேண்டும். அவர் டி. கல்லுப்பட்டியிலிருந்து நாளை மதியம்தான் திரும்புகிறார். ரீட்டாவின் ரயில் விடியற்காலையிலேயே வந்துவிடும்.