ரெஃபரியின் பின்னங்கால்

ஜூலை 20, 2025
கயிறு இழுக்கும் போட்டியில், இங்கே சொல்வதுபோல் வடம்வலியில், எங்கள் நல்லேப்பிள்ளி கிளப் சொந்த மைதானத்திலேயே தோற்றது. நான் தலைவர். தகுதி: வடத்தைப் போட்டுவைக்க எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாக இருந்தது. தோற்ற ஆத்திரத்தில், வடத்தின் நுனியைப் பிடிக்கும் கடைசி ஆள் அருள்குமார் (அக்கா மகன்) நாயை உதைத்துவிட்டான். எப்போதும் நடுக்கோட்டிலேயே படுத்திருக்கும் நாய். அதனால் ரெஃபரி என்று பெயர். பின்னங்கால் உடைந்தது. என் மகள் செல்வப்பிரியா அதை ஆட்டோவில் மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். நான்? வடத்தைச் சுருட்டினேன். தலைவர் அல்லவா.

ஜூலை 22
உதைத்த வீடியோ எல்லார் போனிலும். பின்னாலேயே அருள்குமாரின் மன்னிப்பு வீடியோ. புதுச்சட்டை, படிய வாரிய தலை. பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி.
"நாய்கிட்டக் கேட்டானாங்கப்பா? போன்கிட்டத்தான கேட்டிருக்கறான்," என்றாள் செல்வப்பிரியா. வடம் இருந்த அறையைப் பூட்டி, ஆணியில் தொங்கும் சாவியையும் எடுத்துக்கொண்டாள். இப்போது தலைவர் யார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஜூலை 27
கமிட்டி. அருள்குமாரை ஓணப் போட்டி முடியும்வரை விலக்கலாம் என்று பாதிப் பேர். கமிட்டி உறுப்பினர் செங்கோட்டையன் விடவில்லை: "கோழியத் தின்னுபோட்டு வந்து நாய்க்கு நாயம் பேசறமுங்க!"
அதுவும் சரிதான். மத்தியானம் நானே ரெண்டு துண்டு கூடுதலாகத் தின்றிருந்தேன். ஆனால் பசிக்கு அறுப்பதும் தோற்றதற்கு உதைப்பதும் ஒன்றா? யோசித்து முடிப்பதற்குள் ஓட்டு சமமாகி, தலைவர் சொல்லட்டும் என்றார்கள். கை தூக்கினேன். விலக்கு.
அக்கா கருப்பாத்தாள் வாசலிலேயே நின்றாள்: "ஏன்டா தம்பி, மாடு திருடுனவனாட்ட நிறுத்தீட்டியேடா எம் பையன!"

ஆகஸ்ட் 10
அருள்குமார் வறுத்த மத்தி மீனோடு வந்தான். ரெஃபரி மூன்று காலில் நொண்டி வந்து தின்று, அவன் கையையும் நக்கியது.
அக்கா: "நாயே மன்னிச்சிருச்சு. மனுசனுக்கென்னடா?"
செல்வப்பிரியா: "அது மீனத்தானுங் அத்தை நக்குச்சு."
எனக்கும் ஒரு மத்தி கிடைத்தது. ஆகவே கருத்துச் சொல்லவில்லை.

செப்டம்பர் 5
திருவோணம். கடைசி ஆளாக நானே நின்றேன். முதல் இழுப்பிலேயே நெஞ்சால் மைதானத்தை உழுதேன். விதைக்க வேண்டியதுதான் பாக்கி.

செப்டம்பர் 14
விலக்கு முடிந்தது. மகளிடம் கெஞ்சிச் சாவி வாங்கினேன். அருள்குமார் வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு, வழக்கம்போல் பிடிமானத்துக்காகக் குதிகாலை ஓங்கி மண்ணில் குத்தினான். கோட்டில் படுத்திருந்த ரெஃபரி வீலென்று கத்தி ஓடி, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் போய் நின்றது. அவன் கையை நக்கிய அதே நாய்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் வடத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். சாவி மறுபடி மகளிடம்.
நாங்கள் தண்டனை கொடுத்தோம், அவனும் அனுபவித்தான் — கணக்கு முடிந்தது என்று நாய்க்கு யார் போய்ச் சொல்வது?

செப்டம்பர் 15
முதுகு வலி. தைலம்.

செப்டம்பர் 21
எல்லாரும் வருவதற்கு முன்பே அருள்குமார் மைதானத்தில். மம்பட்டியால் குதிகாலுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.
"என்றா மாப்ள, போட்டியில இதுக்கு ஒத்துக்க மாட்டாங்களே?"
"போட்டியில காலாலயே குத்திக்கறனுங் மாமா. இங்க வேண்டாம்."
வரப்பில் ரெஃபரியைப் பிடித்தபடி செல்வப்பிரியா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். சாவிக்கு எப்படிக் கெஞ்சுவது என்று யோசித்துக்கொண்டே வடம் எடுக்க வீட்டுக்கு வந்தேன்.
சாவி பழைய ஆணியில் தொங்கியது.