முந்நூறு வயதுத் தாலாட்டு

பிக் கோவ்
ஏப்ரல் 19

அன்பு மகள் ட்ரினாவுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. முழங்கால் வலியைச் சேர்க்காவிட்டால் நானும் உன் அப்பாவும் சுகம். அந்த அலாஸ்காக் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே. இங்கே மலைப்பூண்டு முளைத்துவிட்டது, உன் மாமா வால்ட் ஒரு சாக்கு பறித்து வந்தான், உருளைக்கிழங்கோடு வதக்கித் தின்று மூன்று நாளாக வீடே நாறுகிறது.

உன் அப்பா குழலைத் தொட்டு மூன்று வாரம் ஆகிறது. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் கொஞ்சம் போயிருக்கிறது. கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு அந்த ஆற்று மூங்கில் குழலில் கடைசியாக ஒரு பாட்டு வாசிப்பாரே, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களே, அதுதான் விவகாரம். வருகிறவர்களுக்கு, அமெரிக்கப் பூர்வகுடி என்றால் நம்மிடம் புதிதாக எதுவும் இருக்கக் கூடாது. தலையில் இறகு எங்கே, தோல் கூடாரம் எங்கே என்று கேட்பார்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன் என்று இவர் சொன்னால் முகம் சுருங்கிவிடும். அப்படி ஒரு அம்மாள் இது எவ்வளவு பழைய பாட்டு என்று கேட்க, பாவம் ஏமாந்து போவாளே என்று முந்நூறு வருஷம், என் தாத்தா வாசித்துக் கற்றுக்கொடுத்தது என்று சொல்லிவைத்தார். பதினெட்டுக் கோடையாகச் சொல்லிச் சொல்லி அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இப்போது நம் செரோக்கி மொழிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள். எங்கிருந்தோ வந்த பேராசிரியர் ஒருவர், பின்பாதி முன்பாதியைவிடப் பழையது, அதில் ஆதிகாலத்துத் துயரம் இருக்கிறது என்று எழுதியும் கொடுத்துவிட்டார். வெளியூர்க்காரர்களிடம் அளப்பது வேறு, நம் பிள்ளைகளிடம் அளப்பது வேறு இல்லையா. ஒரு வாரம் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. ஊர்க்கூடத்தில் கூட்டம் நடந்த அன்று பீன்ஸ் ரொட்டித் தட்டோடு எழுந்து, "அது பழசு இல்ல. எம்பொண்ணு பல்லு மொளைக்கிறப்ப ஓயாம அழுதா, அவளுக்காக நான் கட்டினது. முப்பத்தோரு வருசம்தான் ஆச்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, பெருமையில்தான். பேராசிரியர் தன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்து அர்லீன் அக்காவைத் தெரியுமே உனக்கு. முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள், "டெல்மர், நீ அளக்குறேன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். ஒன் தாத்தாவுக்குச் சீட்டி அடிக்கக்கூட வராது. பாட்டு நல்லாருக்கு, பிள்ளைங்க படிக்கட்டும். ஆனா ஒம்பொண்ணுக்குக் கட்டினதுன்னா அது அவளோடது. நம்மள்ல குலம் அம்மா வழிதான், அவ பறவைக் குலம், நீ வேற குலம், ஒனக்கு அதுல என்ன பாத்தியதை? அவகிட்ட கேட்டுட்டு வா." உன் மாமா உடனே, பறவைக் குலத்தின் சார்பில் யோசித்துச் சொல்கிறேன் என்று தொண்டையைச் செருமினான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அன்று உறையில் போட்ட குழலை இன்னும் வெளியே எடுக்கவில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியதுதானே என்றால் மாட்டேன் என்கிறார். காரணத்தை நேற்றுத்தான் கறந்தேன். "அவளுக்கு அது ஞாபகமே இல்லன்னா என்ன பண்றது?" என்கிறார். ஊரார் முன்னால் பொய்யை ஒப்புக்கொண்ட மனிதருக்கு இதற்குத்தான் பயம்.

இன்னொன்று, இது நமக்குள் இருக்கட்டும். நீ பல் முளைத்து அழுத நாளில், மத்தியானம் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டை முணுமுணுப்பார், பாதியில் நீ தூங்குகிறாயோ இல்லையோ அவர் தூங்கிவிடுவார். நீ வீரிடுவாய். மீதியைப் பாத்திரம் கழுவிக்கொண்டே நான்தான் இட்டுக்கட்டிப் பாடுவேன். அரைத்தூக்கத்தில் கேட்டுக் கேட்டு அதையும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டார். பேராசிரியர் கண்டுபிடித்த ஆதிகாலத்துத் துயரம் பால் புட்டி கழுவிய என் துயரம். முப்பத்தோரு வருஷமாக இதைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஃபோன் செய். அனுமதி அது இது என்று ஆரம்பிக்காதே, அவர் எடுத்ததும் பாட்டை முணுமுணு, போதும். மறந்துபோயிருந்தால் முதலில் என்னைக் கூப்பிடு, சொல்லித் தருகிறேன்.

எங்கள் இருவருடைய ஆசியும் என்றும் உனக்கு உண்டு. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே, பாதிவரை பாடிவிட்டு நிறுத்திவிடு. மீதிக்கு நான் பாத்திரம் கழுவும் இடத்தில் இருப்பேன்.

உன் அம்மா,
நோலா