முதுகுப் படம்

என் வீட்டுக்காரருக்கு,

தங்கை வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே என்னை உட்கார விடுகிறார்கள்.

இருபது வருடமாக ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவர் நீங்கள். போன வருடம் என் முதுகுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தண்டுவட வழி லேசாத்தான் குறுகியிருக்கு. பெருசா ஒண்ணும் இல்ல" என்றீர்கள். பத்தடி நடந்தால் வலி குதிகால் வரை இறங்குகிறது என்றேன். "படம் பொய் சொல்லாது" என்றீர்கள். அதன்பிறகும் சமையல் மேடையில் முழங்கையை ஊன்றிக் குனிந்தபடியே உங்களுக்குச் சமைத்தேன்.

போன மாதம் புது மெஷினைச் சோதிக்க நீங்களே அதில் படுத்தீர்கள். தண்டுவடம் போகும் வழி மூன்று இடத்தில் நெருங்கிப்போயிருந்தது. அதற்கு முந்தின நாள்தான் பீரோவைத் தனியாளாக நகர்த்தியிருந்தீர்கள். படத்தைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தவர்தான், எழவே இல்லை.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலி இல்ல. ஆனா படத்தைப் பாத்தியா?"

பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். "வைத்தியம் ஆளுக்குத்தான், படத்துக்கு இல்ல. எழுந்து நடங்க" என்றார். அது உங்கள் காதில் ஏறவில்லை.

ஒரு மாதமாகத் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்தேன். நேற்றுத் தட்டை வைக்கக் குனிந்தவள், நிமிர முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மெதுவா. என் முதுகு அதிருது" என்றீர்கள்.

வெந்நீர்ப் பையைத் தேடாதீர்கள். அது எனக்காக வாங்கியது. எடுத்து வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாதவள்