எட்டு நிமிடக் கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? அம்மா இன்னும் மாத்திரையை ஒளித்து வைக்கிறாளா? நான் சௌக்கியம்.

"சைக்காலஜி படிச்சா சோறு போடுமா?" என்று கேட்டீர்களே, நன்றாகவே போடுகிறது. கம்பெனி யாரையாவது வேலையை விட்டு அனுப்பும்போது, கடைசியாக என் அறைக்குத்தான் வருவார்கள். தண்ணீர் கொடுத்து, "எப்படி இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்பேன். அழுது முடித்ததும் ராஜினாமாக் கடிதத்தை அவர்கள் பக்கம் நகர்த்துவேன். சராசரியாக எட்டு நிமிடத்தில் கையெழுத்தாகிவிடும்.

நேற்று ஒரு வேடிக்கை. உங்கள் வயதுள்ள ஸ்டோர் கீப்பர் ஒருவர், பேனாவைக் கையில் பிடித்தபடி, "என் பொண்ணும் உங்க படிப்புதாம்மா. மேல என்ன படிச்சா உங்கள மாதிரி வேலை கிடைக்கும்?" என்றார்.

நோயாளிகளைப் பார்க்க ஆசையென்றால் கிளினிக்கல், பள்ளிக்கூட வேலைக்கு கவுன்சலிங், சீக்கிரம் சம்பாதிக்க எச்.ஆர். என்று பொறுமையாகச் சொன்னேன். தனக்குக் கொடுத்த ராஜினாமாக் கடித நகலிலேயே, பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு முன்பக்கம் திருப்பி, அதிலும் அசலிலும் கையெழுத்துப் போட்டார். "நல்லா இரும்மா" என்றார்.

மேனேஜர் கேட்டார்: "அந்தப் பொண்ணு நம்பர் வாங்கினியா? உனக்கும் உதவிக்கு ஒரு ஆள் வேணுமே."

வாங்கியிருந்தேன்.

பீரோ மேல்தட்டில் என் மதிப்பெண் பட்டியல் இருக்கும், அனுப்பி வையுங்கள். கிளினிக்கல் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமென்று பார்க்கிறேன்.

அடுத்த ஆள் கதவைத் தட்டிவிட்டார், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவை வழக்கம்போல என்னைத் திட்டச் சொல்லுங்கள். "எப்படி இருக்கே?" என்று மட்டும் யாரும் மெதுவாகக் கேட்க வேண்டாம்.

உங்கள் மகள்