குட்ரூன் அம்மாவின் ஜன்னல்

ஆல்போர்க்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். முதியோர் இல்ல நிர்வாகப் படிப்பில் இப்போது இல்லத்திலேயே பயிற்சி.

ஒரு வேடிக்கை கேளுங்கள். போன வாரம் இல்லத்தில் இருந்த குட்ரூன் அம்மா இறந்ததும், உயிர் வெளியேறட்டும் என்று நம் வழக்கப்படி நர்ஸ் போடில் ஜன்னலைத் திறந்தார். ஹீட்டர் செலவு வீணாகிறதே என்று நான் சாத்திவிட்டேன்.

“ஏம்மா, அவங்க எப்படிப் போவாங்க? நிர்வாகம் படிக்கிறவ, நீயே வழி சொல்லு!” என்றார் போடில். சிரித்தேன்.

அந்த அறைக்குப் புதிதாக வந்த பெரியவர் தினமும் சொல்கிறார்: “ஜன்னல்கிட்ட நிக்கிற அம்மாவ உக்காரச் சொல்லும்மா. கால் வலிக்கும்ல?”

இப்போது தினமும் திறந்துவைக்கிறேன். அவர் இன்னும் சொல்கிறார்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். பஸ் வரும் நேரமாகிவிட்டது. உங்கள் படுக்கையறை ஜன்னல் இறுகித் திறக்க வரவில்லை என்றீர்களே, நான் வரும்வரை அதைச் சரிசெய்ய வேண்டாம் அப்பா.

டோர்தே