விலை போடாத ஆர்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிறுதோறும் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிறோம், பிறகும் எதற்கு இத்தனை பக்கம் என்று உனக்குச் சலிப்பு வரலாம், மன்னித்துக்கொள். ஃபோன் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, காகிதத்தில்தான் பேச்சு வருகிறது. நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஏணியில் ஏறாதீர்கள் என்றால் எலக்ட்ரீஷியன் தரையிலயா லைட்டு மாட்டுவான் என்று என்னையே மடக்குகிறார்.

நான் வாங்கிய ஆன்லைன் கடையைப் பற்றி உனக்கு மேலோட்டமாகத்தான் சொன்னேன். சமையலறைச் சாமான் விற்கும் சின்னக் கடை. ஆர்டர் வந்தால் நான் கிடங்குக்குத் தகவல் அனுப்புவேன், அவர்களே கட்டி நேராக வாங்கியவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு கரண்டிகூட நம் வீட்டு வாசலைத் தொடாது. கடையை வாங்கிய அன்று அப்பா சாவி எங்கே என்று கேட்டார், பாஸ்வேர்டு எழுதிய தாளைக் காட்டினேன். ஷட்டர் இல்ல, கல்லா இல்ல, இது பேய் வியாபாரமால்ல இருக்கு என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது அவர் அந்தச் சொல்லை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறேன்.

கடையை நடத்தி வந்த அம்மா இறந்துபோனதால்தான் விற்பனைக்கு வந்தது என்று தரகர் சொல்லவில்லை. கடையோடு அவர்களுடைய மெயில் பெட்டியும் என்னிடம் வந்தது. க்ளினிக்கில் டோக்கன் கொடுத்துவிட்டு வந்து மத்தியானங்களில் கணினி முன் உட்காருவேன். முதல் வாரமே கண்ணில் பட்டது, மாதம் ஒரு முறை தானாகப் போகும் ஓர் ஆர்டர், விலை போடாதது, எப்போதும் ஒரே முகவரிக்கு. ஒவ்வொன்றோடும் பெட்டியில் வைக்க ஒரு சீட்டு. சோதனைக்காகப் போட்டு மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நம் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் இல்லையா, எதையும் ஒழுங்குபடுத்தாமல் கை சும்மா இருக்காது. ரத்து செய்தால் மீட்க முடியாது என்று திரையில் எழுதியிருந்தது. அழுத்திவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு மெயில் வந்தது. அம்மா, இந்த மாசம் ஒண்ணும் வரலையே, பரவால்லம்மா, அசதியா இருக்கும் உனக்கு, என்று. பழைய மெயில்களைத் தேடினால், அம்மா இல்லை என்று தெரிந்தும் மாதாமாதம் அதே பெண்ணிடமிருந்து ஒரே வரி, வந்துச்சும்மா, வந்துச்சும்மா. அதற்கும் முந்தையவற்றைப் படித்தபோதுதான் புரிந்தது, கடை நடத்திய அந்த அம்மா நோயில் கிடந்தபோதே மகளுக்காக மூன்று வருடத்துக்குச் சாமானும் சீட்டும் தயாராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் ஏழு பாக்கி இருந்தன. அந்த ஏழு ஆர்டரையும் நான்தான் அழித்தேன் பாப்பா. கிடங்குக்காரரைக் கேட்டேன், இணையதளம் பார்த்துக்கொள்கிற பையனைக் கேட்டேன், போனது போனதுதான்க்கா என்றான்.

சொன்னால் வெட்கம், நானே அவர்கள் மாதிரி ஏழு சீட்டு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கத்தியை ஈரக்கையோடு பிடிக்காதே, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஃபோனை எடுக்காதே என்று வந்துகொண்டே இருந்தது. படித்துப் பார்த்தால் அத்தனையும் நான் உனக்குச் சொல்லாமல் விட்டவை. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அதைச் செத்தவர் பேரில் எப்படி அனுப்புவது? அழித்துவிட்டு, நடந்ததை அப்படியே அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நாலு நாள் பதில் இல்லை. நான்கு நாளும் க்ளினிக்கில் டோக்கனை மாற்றி மாற்றிக் கொடுத்து டாக்டரிடம் திட்டு வாங்கினேன். பிறகு பதில் வந்தது, ஒரு சீட்டாவது ஞாபகம் இருக்காக்கா என்று. ஒன்று இருந்தது, அழிக்கும்போது கண்ணில் பட்ட கடைசிச் சீட்டு. மூடியைத் திறக்கறப்ப முகத்தைத் தள்ளி வச்சுக்கோடி. அதை மட்டும் ஒரு மூடியோடு அனுப்பினேன். வந்துச்சுக்கா என்று எனக்கு எழுதினாள். அம்மாவுக்கு எழுதறத மட்டும் நிறுத்த மாட்டேன், நீங்க படிக்க வேணாம் என்றும் எழுதியிருந்தாள். போன மாதமும் அந்த மெயில் பெட்டியில் ஒன்று வந்து விழுந்தது. திறக்கவில்லை. திறக்காமலே அது அங்கே இருப்பது எனக்குத் தெரிகிறது, கடையைத் திறக்கும்போதெல்லாம் யாரோ முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பது மாதிரி.

உனக்கு ஒரு குறையும் வராது, நல்லா இருப்பாய். குளிர்காலம் வருவதற்குள் ஜன்னல் இடுக்கை அடைக்கச் சொல், வாடகை வாங்குகிற வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்படாதே, அந்தக் கூச்சம் என்னோடு போகட்டும்.

இன்னும் ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இரண்டு மாதத்துக்கு முன் உனக்கு ஒரு கரண்டி அனுப்பினேன், உள்ளே ஒரு சீட்டும் வைக்கச் சொல்லியிருந்தேன். சேர்ந்துவிட்டது என்று கடையில் காட்டுகிறது. நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டி எங்காவது மூலையில் கிடந்தால் பிரித்துப் பார், நான் விற்கும் கரண்டி எவ்வளவு கனம் என்று எனக்கே தெரியாது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வந்துச்சும்மா என்று ஒரு வரி எழுது.

அம்மா